ஓநாயிடம் செத்தவர்கள் கேட்ட கேள்விகள்: பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தின் முதல் பத்து மணி நேரம்

2023இல் பால்டர்ஸ் கேட் என்ற கணினி ஆட்டத்தின் மூன்றாம் பாகம் வந்தது. அதை முடித்த கையோடு, "முதல் பாகத்தையும் ஒரு கை பார்ப்போம்" என்று கிளம்பியவர்கள் என் நட்பு வட்டத்தில் மட்டும் ஏழெட்டுப் பேர். பயோவேர் உருவாக்கி, 1998 டிசம்பரில் வெளிவந்த ஆட்டம் அது. கிளம்பிய எல்லாரிடமிருந்தும் முதல் நாள் இரவே கிட்டத்தட்ட ஒரே செய்திதான் வந்தது: "செத்துட்டேன்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பெரும்பாலானோர் ஆடுவது 2012இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன். கீழே 'புதுப் பதிப்பு' என்று சொல்வது அதைத்தான். இங்கே உள்ளவை பழையதற்கும் பெரும்பாலும் பொருந்தும். நாஷ்கெல் சுரங்கம் வரைக்குமான கதை இதில் வந்துவிடும், அதற்கு மேல் எதையும் உடைக்கவில்லை.

மூணாவது பாகத்தை டேக்டீஷியன்ங்கற கஷ்டமான நிலையில முடிச்சவன் நான். இங்க அஞ்சு நிமிஷத்துல ஒரு ஓநாய் கொன்னுடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?

ஒரு தப்பும் பண்ணவில்லை. முதல் லெவலில் ஒரு மேஜுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, கிடைப்பது 4 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). உடல்வலு எவ்வளவு கூட்டி வைத்தாலும் மேலே இரண்டு சேரும், அவ்வளவுதான். ஓநாய் இரண்டு முறை வாய் வைத்தால் கதை முடிந்தது. ஃபைட்டருக்கே (போர்வீரனுக்கே) 10, உடல்வலு 18 வைத்தால் 14. மூன்றாம் பாகம் ஓடுவது பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளில். இது இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடுகிறது. அந்த விதிகளில் முதல் லெவல் ஆள் என்றால் நேற்றுத்தான் வாள் பிடித்தவன் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், இந்த ஆட்டத்தில் உலகம் உங்களுக்காகத் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. உங்கள் லெவல் என்னவானாலும் அந்தக் காட்டில் ஓகர் என்ற ராட்சதன் இருந்தால் இருக்கும். அதைப் பார்த்ததும் திரும்பி ஓடுவது இங்கே தோல்வி இல்லை, ஆட்டத்தின் ஒரு பகுதி. ஓடப் பழகியவர்கள்தான் இரண்டாம் லெவலைப் பார்க்கிறார்கள்.

எந்த கிளாஸ் எடுத்தா உயிரோட இருக்கலாம்?

முதல் தடவை என்றால் ஃபைட்டர், அதுவும் வில் எய்யத் தெரிந்த ஃபைட்டர். காரணம் எளிது. கூட வருகிறவர்கள் செத்தால் கோயிலில் எழுப்பலாம், நீங்கள் உருவாக்கிய ஆள் செத்தால் ஆட்டமே முடிந்துவிடும். அந்த ஒரு உயிரைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். மேஜாகத்தான் ஆடுவேன் என்றால் ஆடுங்கள், தாராளமாக. முதல் இரண்டு அத்தியாயம் எல்லாருக்கும் பின்னால் நிற்கத் தயாராக இருங்கள்.

புள்ளிகளைப் பிரிக்கும்போது டெக்ஸ்டெரிட்டியை (சுறுசுறுப்பை) பாருங்கள். 16க்கு இரண்டு, 17க்கு மூன்று, 18க்கு நான்கு என்று பாதுகாப்பு கூடும். 14 வைத்தால் ஒன்றுமே கிடைக்காது. கான்ஸ்டிடியூஷன், அதாவது மேலே சொன்ன உடல்வலு, ஃபைட்டர் வகையறாவுக்கு 18 வரை பலன் தரும், மற்றவர்களுக்கு 16க்கு மேல் வைப்பது வீண். பகடை பிடிக்கவில்லை என்றால் மறுபடி உருட்டும் பொத்தான் இருக்கிறது. அரை மணி நேரம் அதையே அழுத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அது தப்பில்லை, நானும் அந்தக் கூட்டம்தான்.

ஆர்மர் கிளாஸ் 5ல இருந்து 3 ஆயிடுச்சு. புது கவசம் மோசமா? அப்புறம் அந்த தாக்கோன்னா என்ன?

தலைகீழாகப் படியுங்கள். ஆர்மர் கிளாஸ் உங்கள் பாதுகாப்பைக் காட்டும் எண், தாக்கோ அடிக்கும் திறனைக் காட்டும் எண். இரண்டுமே குறையக் குறைய நல்லது. வெற்றுடம்புக்கு ஆர்மர் கிளாஸ் 10. தோல் கவசம் போட்டால் 8, சங்கிலிக் கவசத்துக்கு 5, பிளேட் மெயிலுக்கு 3. பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும்.

தாக்கோ என்பது ஆர்மர் கிளாஸ் பூஜ்யமாக இருக்கும் எதிரியை அடிக்கப் பகடையில் விழவேண்டிய எண். முதல் லெவலில் அது 20. கணக்கு இப்படி: உங்கள் தாக்கோவிலிருந்து எதிரியின் ஆர்மர் கிளாஸைக் கழியுங்கள். எதிரிக்கு 7 என்றால் 20 கழித்தல் 7, அதாவது 13. இருபது பக்கப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. "என் ஆள் சும்மா காற்றைக் குத்துறான்" என்று புலம்புகிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இதே கணக்கை எதிரிப் பக்கத்திலிருந்தும் போட்டுப் பாருங்கள். பிளேட் மெயில், அதோடு டெக்ஸ்டெரிட்டி 18 இருந்தால் உங்கள் ஆர்மர் கிளாஸ் கழித்தல் 1. தாக்கோ 20 உள்ளவன் உங்களை அடிக்க 21 போட வேண்டும். அப்படி ஒரு எண்ணே பகடையில் கிடையாது. 20 விழுந்தால் எப்போதும் அடி என்ற விதியால்தான் அவனால் எப்போதாவது தொட முடியும். ஆகவே கையில் காசு வந்ததும் முதலில் வாங்க வேண்டியது முன்னால் நிற்பவனுக்கு நல்ல கவசம். வாள் அப்புறம்.

கேண்டில்கீப்ல எல்லாரும் எடுபிடி வேலை சொல்றாங்க. விட்டுட்டுக் கிளம்பிடலாமா?

கிளம்பாதீர்கள். நீங்கள் ஆட்டத்தைத் தொடங்கும் கோட்டை அது, ஆட்டத்திலேயே பாதுகாப்பான இடமும் அதுதான். ரீவருக்கு எலி அடித்துக் கொடுப்பது, ஃபிலிடியாவின் புத்தகத்தைத் தேடித் தருவது, டிரெப்பினின் பசுவுக்கு மருந்து வாங்கி வருவது எல்லாம் அலுப்பாக இருக்கும், ஆனால் காசும் கொஞ்சம் எக்ஸ்பியும் (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) வரும். உங்களை வளர்த்த கோரியனோடு புறப்பட்டுவிட்டால் ரொம்ப காலத்துக்கு அந்த வாசல் திறக்காது.

கட்டடங்களுக்குள் உங்களைக் கொல்ல வந்த இரண்டு பேர் காத்திருப்பார்கள். இருவரும் கத்துக்குட்டிகள், ஆனால் 4 ஹெச்பி மேஜுக்கு அவர்களே எமன்தான். உள்ளே நுழையும் முன் சேவ் செய்யுங்கள். கியூ விசையை அழுத்தினால் போதும். இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

காசை விந்த்ராப்பின் விடுதியில் செலவழிக்கலாம். வில், அம்பு, முடிந்த கவசம். மேஜ் என்றால் கவண், கற்கள். வாளுக்கு அதிகம் கொட்டாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

ஏன் எல்லாரும் வில், வில்னு சொல்றீங்க? என் ஆளு வாள் வீரன்.

ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. முதல் லெவலில் வாள்காரன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வீசுவான். வில்காரன் இரண்டு அம்பு விடுவான், அதுவும் எதிரி வந்து சேர்வதற்கு முன்பே. நான்கு பேர் வில்லோடு நின்றால் ஆறு வினாடிக்கு எட்டு அம்பு. முதல் லெவலில் இதைத் தாங்கி உங்களை வந்து தொடுகிறவை குறைவு.

ஓகரை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு அடியில் உங்களில் யாரும் காலி. ஆனால் கையில் தடி மட்டும்தான், தூரத்திலிருந்து எறிய ஒன்றும் கிடையாது. அது யாரைத் துரத்துகிறதோ அவனை மட்டும் வட்டமாக ஓட விடுங்கள், மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து எய்யட்டும். ஓகர் ஆளை மாற்றினால் நீங்களும் ஓடுகிறவனை மாற்றுங்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் ஸ்பேஸ்பாரில் விரலை வைத்தபடி ஆடினால் ஒரு கீறல் இல்லாமல் 270 எக்ஸ்பி. வாள் வீரனுக்கும் முதுகில் ஒரு வில் இருக்கட்டும். நாலாவது லெவலில் வீரத்தைக் காட்டிக்கொள்ளலாம்.

கோரியன் செத்துட்டாரு. இப்ப எங்க போறது?

கோரியனே சொல்லியிருப்பார்: ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியில் அவருடைய நண்பர்கள் காலிதும் ஜஹீராவும் காத்திருக்கிறார்கள். விடிந்ததும் கேண்டில்கீப்பில் உங்களோடு வளர்ந்த இமோயன் வந்து சேர்ந்துகொள்வாள். அவளை விடாதீர்கள். டெக்ஸ்டெரிட்டி 18, கையில் வில், பூட்டு திறப்பாள், பொறி கண்டுபிடிப்பாள். இடுப்பில் மேஜிக் மிசைல் என்ற தாக்கும் மந்திரத்தை ஏவும் மந்திரக்கோல் ஒன்றும் இருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள், இரண்டு கேள்வி தள்ளி வேலை இருக்கிறது.

கிழக்கே சாலையைப் பிடித்து, சந்திப்பு வந்ததும் வடக்கே திரும்புங்கள். சாலையை விட்டு இறங்காதீர்கள். வரைபடத்தின் கறுப்பு மூலைகளைத் திறந்து பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்த மூலைகள் எங்கேயும் போகப் போவதில்லை, ஐந்து பேரோடு திரும்பி வரலாம்.

வழியில ஒரு பைத்தியக்கார மேஜும் ஒரு குட்டையனும் கூட வரேங்கறாங்க. பார்த்தாலே கெட்டவங்க. சேர்க்கலாமா?

கெட்டவர்கள்தான். சேருங்கள். ஜாரும் மொன்டரானும் வந்தால் இரண்டு பேர் நான்காகிறீர்கள், இந்தக் கட்டத்தில் அது பெரிய விஷயம். ஒருவர் மேல் விழ வேண்டிய அடி நாலு பேருக்குப் பிரியும்.

சிக்கல் பின்னால் வரும். ஜஹீராவுக்கும் காலிதுக்கும் இவர்களைக் கண்டால் ஆகாது. வாய்ச்சண்டை முற்றி ஒருநாள் கைகலப்பாகிவிடும். உங்கள் பெயர் ஊரில் நல்லபடியாக ஏற ஏற, கெட்டவர்கள் முணுமுணுத்துக் கிளம்பவும் செய்வார்கள். அதுவரைக்கும் வழித்துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது அவர்கள் பையில் இருப்பதை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள், போகிறவர்கள் போட்டிருப்பதோடு போய்விடுவார்கள்.

ஃப்ரெண்ட்லி ஆர்ம் வாசப்படியில ஒருத்தன் பேச வர்றான், பேசி முடிச்சதும் எல்லாரும் பயந்து ஓடுறாங்க, நான் சாகுறேன். பதினோரு தடவை!

அவன் பெயர் டார்னேஷ். உங்கள் தலைக்கு வைத்த விலைக்காக வந்த மேஜ். இந்த ஆட்டத்தை வாங்கியவர்களில் பாதிப் பேர் கைவிட்ட இடம் இந்தப் படிக்கட்டுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவன் செய்வது மூன்று: தன்னைப் போலவே பிம்பங்களை உண்டாக்கி ஒளிவான், ஹாரர் என்ற பயமுறுத்தும் மந்திரம் போட்டு உங்கள் ஆட்களைச் சிதற அடிப்பான், மேஜிக் மிசைலால் உங்களை முடிப்பான்.

கோட்டைக்குள் வந்ததும், படி ஏறும் முன் சேவ். அப்புறம் ஆட்களைப் பிரியுங்கள். எல்லாரும் ஒரே கொத்தாகப் போய் நிற்பதுதான் நீங்கள் பதினோரு தடவையும் செய்த தப்பு. ஹாரர் ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களைத்தான் பிடிக்கும். உங்கள் ஆள் மட்டும் முன்னால் போகட்டும். இமோயன் வலப்பக்கம் தள்ளி, ஜாரும் மொன்டரானும் இடப்பக்கம் தள்ளி நிற்கட்டும். பேச்சு முடிந்த அந்தக் கணமே ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்துங்கள். இமோயனிடம் மந்திரக்கோல், மற்றவர்களிடம் வில்லோ கவணோ. எல்லாரும் ஒருசேர அவன் மேல். உங்கள் ஆள் மட்டும் எய்யாமல் வாயில் பக்கம் ஓட வேண்டும்.

மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போது ஒரு அடி பட்டாலும் அந்த மந்திரம் கலைந்துவிடும். இதுதான் இந்த ஆட்டத்தில் எந்த மேஜையும் வெல்வதற்கான வழி, அவன் லெவல் என்னவானாலும். பிம்பங்கள் வந்துவிட்டால் பதறாதீர்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிம்பம் உடையும். காவலர்கள் இருக்கும் பக்கமாக ஓடினால் அவர்களும் கை கொடுப்பது உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் விழுந்ததும் உடம்பைத் தேடுங்கள். உங்கள் தலைக்கான அறிவிப்பும், மேஜுக்கு உபயோகமான சுருள்களும் கிடைக்கும்.

என் மேஜ் ஒரு ஸ்பெல் போட்டுட்டு நாள் முழுக்க சும்மா நிக்கிறான். இவனை வச்சு என்ன பண்றது?

அந்த ஒரு ஸ்பெல், அதாவது மந்திரம், தூங்க வைக்கும் ஸ்லீப்பாக இருக்கட்டும். மேஜிக் மிசைல் ஒருவனை லேசாகக் காயப்படுத்தும். ஸ்லீப் ஒரு கூட்டத்தையே கிடத்தும். தூங்குகிறவனை அடித்தால் தவறவே தவறாது, தாக்கோ கணக்கே தேவையில்லை. கிப்பர்லிங் என்ற குட்டிப் பிசாசுகள் ஆறேழு கத்திக்கொண்டு ஓடி வரும்போது, அவை தூரத்தில் இருக்கும்போதே போட்டுவிட்டு நிதானமாக ஒவ்வொன்றாக முடிக்கலாம். எலும்புக்கூடு போன்ற செத்த ஜென்மங்கள் தூங்காது. எல்ஃப்களும் பெரும்பாலும் தப்பிப்பார்கள். லெவல் கூடின எதிரிகளிடமும் பலிக்காது. ஆனால் முதல் இரண்டு அத்தியாயத்தில் நீங்கள் பார்க்கும் கும்பல்களில் பெரும்பகுதி விழும்.

மிச்ச நேரம் கவண் அல்லது டார்ட் (கையால் எறியும் சிறு ஈட்டி). டார்ட்டில் ஒரு சுற்றுக்கு மூன்று எறியலாம். அப்புறம் ஒரு ரகசியம். ஃப்ரெண்ட்லி ஆர்ம் மதிலுக்கு வெளியே, வடமேற்குப் பக்கம் ஒரு மரத்தடியில் மோதிரம் ஒன்று மறைந்திருக்கிறது. முதல் நிலை ஸ்பெல்களை இரட்டிப்பாக்கும். புதுப் பதிப்பில் டேப் விசையை அழுத்திப் பிடித்தால் இப்படிப்பட்ட மறைவிடங்கள் ஒளிரும். பழையதில் சுட்டியை மெல்ல மெல்ல நகர்த்தித் தேட வேண்டும், புதையல் தேடுகிற மாதிரி.

சண்டை நடுவுல வாள் உடைஞ்சு போச்சு. இது பக்-ஆ, ஆட்டத்துல பிழையா?

பக் இல்லை, கதை. ஆட்டம் நடக்கும் 'வாள் கடற்கரை'ப் பிரதேசம் முழுக்க இரும்புத் தட்டுப்பாடு. கிடைக்கிற இரும்பும் உளுத்துப்போனது. மந்திரம் ஏற்றாத இரும்பு ஆயுதம் எப்போது வேண்டுமானாலும் கையோடு முறியும். விளையாட்டின் விதியும் கதையும் இப்படி ஒன்றாகப் பின்னியிருப்பது எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த விஷயம், முறிகிறபோது மட்டும் பிடிக்காது.

ஆளுக்கு ஒரு உபரி ஆயுதம் வையுங்கள். வில், கவண், மரத்தடி போன்றவற்றுக்குப் பயமில்லை. பிளஸ் ஒன் என்று போட்ட எதுவும் முறியாது. கேண்டில்கீப்பில் வாளுக்குக் கொட்டாதீர்கள் என்றது இதற்குத்தான்.

எங்க படுத்தாலும் நடுராத்திரி எதாவது வந்து கடிக்குது. எப்பதான் தூங்குறது?

காட்டில் படுத்தால் அப்படித்தான். விடுதியில் அறை எடுங்கள். மலிவு அறைக்கும் ராஜ அறைக்கும் வித்தியாசம், ஓர் இரவில் திரும்பக் கிடைக்கும் ஹெச்பி ஒன்றா நான்கா என்பதுதான். காசில்லாத காலத்தில் மலிவு அறையே போதும். காயத்தை ஜஹீரா போன்றவர்களின் க்யூர் ஸ்பெல் ஆற்றட்டும், ஒரு தடவைக்கு 8 ஹெச்பி. போடுங்கள், தூங்குங்கள், மறுபடி போடுங்கள்.

வேறு வழியில்லாமல் வெளியே படுப்பதென்றால் முதலில் சேவ். வில்காரர்களைச் சுற்றிலும், மேஜை நடுவிலும் நிறுத்திவிட்டுப் படுங்கள்.

ஜஹீரா நச்சரிக்கிறா, உடனே நாஷ்கெல் போகணுமாம். நேரா போயிடவா?

நேரே சுரங்கத்துக்குள் இறங்காதீர்கள், ஆனால் ரொம்பவும் இழுக்காதீர்கள். அவர்களுடைய பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. வழியில் பெரிகோஸ்ட் ஊரில் ஒரு சுற்று போட்டால் இரண்டாம் லெவல் வந்துவிடும். தீஃபுக்கு (திருடன்) 1,250, கிளெரிக்குக்கு (பூசாரி) 1,500, ஃபைட்டருக்கு 2,000, மேஜுக்கு 2,500 எக்ஸ்பி தேவை. பாவம் மேஜ், இங்கேயும் கடைசி.

சண்டையில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள். கேண்டில்கீப்பில் பார்த்த ஃபயர்பீட் கிழவர் பெரிகோஸ்டிலும் இருப்பார், ஒரு புத்தகம் கேட்பார். மிரியானே என்ற பெண் கணவனிடமிருந்து தகவல் இல்லாமல் தவிப்பாள். அவனுடைய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதுகாப்பு மோதிரம் ஒன்று தருவாள்.

இப்போது தொடக் கூடாதவை. சில்க் என்ற நடிகை காவலுக்குக் கூப்பிடுவாள். அவள் மின்னல் மந்திரம் போடுகிறவள், ஒரே கோட்டில் நின்றால் ஒரே மின்னலில் எல்லாரும் போய்விடுவீர்கள். லாண்ட்ரினின் வீட்டில் சிலந்தி அடிக்கும் வேலை நஞ்சுமுறி மருந்து இல்லாமல் வேண்டாம். ரெட் ஷீஃப் விடுதிக்குள் நுழையும் முன் சேவ் செய்யுங்கள், உள்ளே கார்லாட் என்ற குள்ளன் உங்கள் பெயர் போட்ட அறிவிப்போடு உட்கார்ந்திருப்பான்.

நாஷ்கெல் போனதும் மின்ஸ்க்கைப் பாருங்கள். வலிமை 18/93, கையோடு ஒரு வெள்ளெலி. தன் தோழி டைனாஹெய்ரை மீட்க வரச் சொல்வான். அது தூரத்துக் கோட்டை, நாள் கடத்தினால் உங்கள் மேலேயே கோபப்படுவான் என்பதை நினைவில் வைத்துச் சேருங்கள். அந்த ஊர் வயலில், அங்க்ஹெக் என்ற ராட்சதப் பூச்சியின் ஓட்டில் செய்த கவசம் ஒன்று மறைந்து கிடக்கிறது. ஆர்மர் கிளாஸ் 1. மூன்றாவது பதிலைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

ஒரு ஓகர்கிட்ட ரெண்டு பெல்ட் கிடைச்சது. ஒண்ணைப் போட்டேன், என் ஆளு பொம்பளையாயிட்டான். கழட்டவும் முடியல.

இதைக் கேட்காதவர்களே இல்லை. நானும் முதல் தடவை போட்டுக்கொண்டவன்தான், அதுவும் ஓகரை அடித்த பெருமையில் இரண்டையும் அடுத்தடுத்து. ஒன்று ஃப்ரெண்ட்லி ஆர்மில் இருக்கும் அன்ஷேயுடையது, கொண்டுபோய்க் கொடுத்தால் காசு. மற்றது சாபம் பிடித்தது. கோயிலில் சாபம் நீக்கிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு வேறு பாதிப்பு இல்லை, அப்படியே ஆடி முடித்தவர்களும் உண்டு.

பையில் நீலச் சாயலோடு தெரியும் பொருள் இன்னும் அடையாளம் தெரியாதது என்று அர்த்தம். கடையில் 100 தங்கம் கொடுத்தால் சொல்வார்கள். அதற்கு முன் போடாதீர்கள். மருந்துக் குப்பிக்கும் இதே கதைதான்.

காலித் செத்துட்டான். லோட் பண்ணணுமா?

தேவையில்லை. கீழே விழுந்த அவன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போங்கள். ஃப்ரெண்ட்லி ஆர்மிலேயே கெல்லானா மிரர்ஷேடின் கோயில் உண்டு, நாஷ்கெலிலும் ஒன்று உண்டு. காசு கொடுத்தால் எழுப்புவார்கள். ஆனால் ஒரே அடியில் உடம்பு சிதறித் தெறித்துவிட்டால் எழுப்பவே முடியாது, படமும் பட்டியலிலிருந்து போய்விடும். அப்படியானால் லோட்தான். முதல் லெவலில் எழுப்பக் காசு இருக்காது என்பதால் எப்படிப் பார்த்தாலும் லோட்தான் என்று நண்பர் ஒருவர் சொன்னார், அதுவும் சரி.

சுரங்கத்துல அம்பு எங்கிருந்து வருதுன்னே தெரியல. பொறி வேற. எப்படி இறங்குறது?

கோபோல்ட் என்ற குட்டி எதிரி ஒன்றுக்கு 7 எக்ஸ்பிதான், தனியாக வந்தால் தூசு. இருட்டில் ஆறு வில்லோடு நின்றால் கதை வேறு. சிலதுகள் தீ அம்பு வேறு விடும், செத்ததும் மிச்ச அம்புகளை எடுத்து வையுங்கள். நல்ல கவசம் போட்ட ஒருவனை மட்டும் முன்னால் விட்டு, அம்பு பறந்ததும் அவனைப் பின்வாங்கச் சொல்லுங்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் உங்கள் வில்கள் தயாராக நிற்கட்டும். அவை துரத்திக்கொண்டு வந்து மாட்டும்.

பொறிக்கு இமோயன். தேடும் பொத்தானைப் போட்டுவிட்டு வேகமாக நடந்தால் பலனில்லை. ஒவ்வொரு சுற்றுக்கு ஒருமுறைதான் அவள் கண் வேலை செய்யும், ஆறு வினாடி நின்று நடக்க வேண்டும். அதற்காகவே லெவல் ஏறும்போது அவள் புள்ளிகளைப் பொறி தேடுவதில் போடுங்கள்.

அடித்தளத்தில் முலாஹே இருப்பான், பாதி ஓர்க் இனத்துக் கிளெரிக். பேச்சில் அடங்குவது போலக் காட்டிவிட்டு கோபோல்டுகளையும் எலும்புக்கூடுகளையும் கூப்பிடுவான். எலும்புக்கூட்டுக்கு ஸ்லீப் பலிக்காது என்று முன்பே சொன்னேன். ஆகவே டார்னேஷுக்குச் சொன்ன வைத்தியமே இவனுக்கும்: ஆட்களைப் பிரித்து நிறுத்தி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இவன் ஒருவன் மேல் எல்லா அம்பும். முடிந்ததும் அவன் வைத்திருக்கும் கடிதங்களை எடுங்கள், அடுத்த அத்தியாயத்தின் நூல் அதில்தான் இருக்கிறது. அதே குகையில் ஜான் என்ற எல்ஃப் மேஜ் கைதியாக இருப்பான். "நாமெல்லாம் சாகத்தான் போகிறோம்" என்ற பாணியிலேயே பேசுவான். முதல் லெவலில் ஆடும்போது அவன் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும்.

சீக்கிரம் லெவல் ஏத்த குறுக்குவழி ஏதாவது இருக்கா? ஏமாத்து வேலையா இருந்தாலும் பரவாயில்ல.

இருக்கிறது. முட்டமின் தோட்டம் என்ற இடத்தில் பாசிலிஸ்க் என்ற பல்லி மிருகங்கள் திரியும், பார்வை பட்டால் கல்லாகிவிடுவீர்கள். சிறியது 1,400 எக்ஸ்பி, பெரியது 7,000. கல்லாவதைத் தடுக்கும் ஸ்பெல் முதல் நிலையிலேயே இருக்கிறது. அதைப் போட்ட ஒருவரை மட்டும் அனுப்பி, மற்றவர்களை வரைபடத்தின் ஓரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கே கோராக்ஸ் என்ற பேசும் கூல் (பிணம் தின்னும் பேய்) ஒன்று உண்டு. உங்களைப் பிடித்துப்போனால் கொஞ்ச நேரம் நண்பனாக வரும். செத்த ஜென்மத்தைக் கல்லாக்க முடியாது என்பதால் அதுவே முன்னால் போய்ச் சண்டை போடும். நட்பு தீர்ந்ததும் உங்களையே கடிக்கும், கணக்கு பார்த்து விலகி நில்லுங்கள்.

இது ஏமாற்று வேலையா என்றால் என் பார்வையில் இல்லை. ஆட்டத்தைச் செய்தவர்களே வைத்த வழி. ஆனால் முதல் தடவை ஆடுகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தத் தோட்டத்தில் எதிரிக் குழு ஒன்றும் நடமாடுகிறது, பாசிலிஸ்க்கை ஜெயித்துவிட்டு அவர்களிடம் செத்துப்போய் எனக்கு மெசேஜ் அனுப்பியவர்கள் மூன்று பேர்.

காசுதான் வேண்டுமென்றால் பைத்தியக்கார கிளெரிக் பாசிலஸைத் தேடுங்கள். பெரிகோஸ்ட் கோயிலில் அவன் தலைக்கு 5,000 தங்கம். தன்னைச் சுற்றியிருக்கும் செத்தவர்களைத் தன் குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். பேச்சை அவன் போக்கிலேயே விட்டுப் பிடித்தால் அவர்கள் தானாகவே உதிர்ந்துவிடுவார்கள், அவன் ஒருவன்தான் மிச்சம். எந்த வரியைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல மாட்டேன், அந்த உரையாடல் படிக்க வேண்டிய ஒன்று.

டிஃபிகல்ட்டியைக் குறைச்சு ஆடினா கேவலமா?

இல்லை. புதுப் பதிப்பில் ஸ்டோரி மோட் வரைக்கும் இருக்கிறது. நார்மலில் ஆடினால் லெவல் ஏறும்போது முழு ஹெச்பியும் கிடைக்கும். அதைவிடக் கடினமான 'கோர் விதிகள்' நிலையில் பகடைதான், ஃபைட்டருக்கு ஒன்று விழுந்தாலும் ஒன்றுதான். 1998இல் ஆடியவர்கள் பலர் அந்த இடத்தில் சத்தமில்லாமல் லோட் செய்தவர்கள். அவர்கள் உங்களுக்கு வகுப்பு எடுத்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அப்ப இது எந்த லெவல்லதான் ஈஸி ஆகும்?

மூன்றாம் லெவலில் மூச்சு விடலாம். ஐந்தில் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் வந்ததும் நீங்கள்தான் காட்டுக்குள் நடமாடும் ஆபத்து. முதல்முதலாகப் போடும்போது சொந்த ஆட்களையும் சேர்த்துக் கொளுத்துவீர்கள், எல்லாரும் செய்வதுதான்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. முலாஹேயை முடித்துவிட்டு சுரங்கத்தின் அந்தப் பக்க வழியாக வெளியே வரும்போது நாலு பெண்கள் ஆயுதத்தோடு நிற்பார்கள். அவர்களைத் தாண்டி நாஷ்கெல் திரும்பினால் அங்கே நிம்புல் என்று இன்னொருவன். குகையை விட்டு வெளியே கால் வைக்கும் முன் காயம் ஆற்றி, ஸ்பெல் ஏற்றி, கியூவைத் தட்டிவிடுங்கள்.